ரப்பர் பால் எழுத்து

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு நாள் காலை, கங்காணி ஒருவர் தம் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, அவளுடைய வயிற்று வலியை மருந்துக்காரரிடம் விவரித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் வலி, எப்போது வலி, வலி வந்தால் எப்படிச் சுருண்டு படுக்கிறாள் என்று எல்லாம் அவரே சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி பின்னால் நின்றாள். மூன்று வாரமாக வயிற்றுக்கு மருந்துத் தண்ணீர் குடித்தும் குணமில்லையாம். வரிசையில் அடுத்து நின்ற வாத்தியாரம்மா, தன்னை யாரும் கேட்காமலே, "வலி அவங்களுக்குத்தானே? அவங்களையே கேளுங்களேன்" என்றார். மருந்துக்காரருக்கு எரிச்சல்தான். ஆனாலும் கேட்டார். அந்த அம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு, வயிறு இல்லீங்க, கடவாய்ப் பல்லு என்றாள். பல் வலியால் அவள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து, வயிறுதான் என்று கங்காணி தீர்மானம் பண்ணியிருக்கிறார்.

நான் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தேன். கங்காணி சிரிக்கவில்லை. பத்துப் பேர் முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று வாத்தியாரம்மா மேல் அவருக்கு வந்த கோபம் கடைசிவரை போகவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. இலங்கையில், கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். காலையில் ஆபீஸ், வெயில் ஏறியதும் ஸ்டோரில் நின்று பால் அளப்பது, இதுதான் வேலை. பால் என்றால் ரப்பர் பால். தோட்டத்தில் அப்போது யாரும் தனக்காகத் தானே பேசுவதில்லை. ஆட்களுக்காகக் கங்காணி பேசுவார், கங்காணிக்காகக் கணக்கப்பிள்ளை பேசுவார், வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் எல்லாருக்காகவும் நான் பேசுவேன். பெண்டாட்டிக்குப் புருஷன், பிள்ளைக்குத் தாய். அதுதான் மரியாதை என்று நாங்கள் நினைத்திருந்தோம். இதற்கு நடுவில் இந்த அம்மாள் வந்து, அவங்களையே கேளுங்க, அவங்களையே கேளுங்க என்று எல்லாரையும் தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

கேட்பதோடு விடமாட்டார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வர எவ்வளவு நேரம் ஆனாலும் இடையில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டார். சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலால் சின்னச் சின்ன மடிப்பாக மடித்துக்கொண்டு நிற்பார். மடிப்பு முடிந்ததும் உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து மடிப்பார். எதிரே நிற்கிறவருக்கு வியர்த்துவிடும். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் ஒரு வாயில்லாப் பூச்சிப் பையனிடம் இப்படிக் கேட்டுவிட்டு நின்றதில், அவன் அழுதேவிட்டான். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஒரு மனுஷிக்கு ஆகாது என்று நினைத்தேன்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் இங்கே இருந்திருந்தால் தானே சொல்லியிருப்பார்.

அவர் புருஷன்தான் முதலில் வாத்தியார். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். வேறு ஆள் கிடைக்கிறவரை அந்த அம்மாளால் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று துரை என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். துரைக்குத் தமிழ் தெரியும், மலையில் நின்று ஏசுவதற்கு மட்டும். ஆபீசுக்குள் வந்துவிட்டால் இங்கிலீஷ்தான், நடுவில் நான். அந்த அம்மாள் வெள்ளைச் சேலையில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு ஐயோ பாவம் என்று இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முடியும் துரை, நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று நானே சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அவர் என்னை நிறுத்தினார். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, கிளாக்கரய்யா. என்னைக் கேட்டிருந்தா, எனக்குக் கணக்கு நல்லா வரும், பாட்டு வராதுன்னு சொல்லியிருப்பேன். இனிமே கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவருக்கு இங்கிலீஷ் விளங்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம் மிஷன் போர்டிங்கில் படித்தவராம். துரைக்கு இது கடைசிவரை தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். விதவை என்று கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். விதவை இல்லாவிட்டாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அந்த வாய்க்குப் பயந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் காலில் அட்டை ஏறாமல் இருக்கச் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு, குடையோடு சந்திக் கடைக்கு நடந்து போவார். வழியில் கிராமத்துச் சிங்களவர்கள் இஸ்கோல ஹாமினே, அதாவது பள்ளிக்கூடத்து அம்மா, என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அவர் போனார் என்று நினைக்கிறேன். நானும் அன்றைக்குத்தான் சாமான் வாங்கப் போவேன். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, எப்போதும் என்னிடம்தான், அந்த அம்மாவுக்கு என்ன வேணுமாம் என்று கேட்பார். அவர் பக்கத்திலேயே நிற்பார். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, "உங்களுக்கு இங்க பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கேகாலைப் பக்கம் ஒரு தகப்பனும் சிற்றன்னையும் உண்டு. இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணப் பேச்சு எடுக்க ஆளில்லை. பதில் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. நான்காம் நாள் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்று, பிடிக்கவில்லை என்றேன். "எனக்குந்தான்" என்றார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். அன்று முழுக்க எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போக ஒரு கொட்டகை உண்டு, பிள்ளைக்காம்பரா என்போம். அங்கே எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போய்விட்டது. தாய் ரப்பர் பால் வெட்டுகிறவள், தகப்பன் இல்லை. காம்பரா ஆயாவுக்கு அவள் பெரிய உதவி. சம்பளமில்லாத ஒரு கை.

பள்ளிக்கூடத்துக்குப் பேர் எழுத வாத்தியாரம்மா அங்கே போனபோது, அதுக்குக் கண்ணு தெரியாதும்மா, அத விடுங்க என்று ஆயா சொல்லியிருக்கிறாள். வாத்தியாரம்மா பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாராம். வழக்கம்போலக் காத்திருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க பதினாலு தொட்டில் இருக்கு. மூணு காலி. ஒண்ணுல பிள்ளை நனைச்சிருக்கு" என்றாளாம் அவள். ஆயா எழுந்து போய்ப் பார்த்தாள். நனைத்துத்தான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆயா கணக்கப்பிள்ளையிடம் முறையிட்டாள். யாரும் அதைப் பெரிதுபண்ணவில்லை, இன்ஸ்பெக்டர் வரும்வரை.

வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்து இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். புத்தகத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வார், சிலேட்டில் எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். அந்த வருஷம் வந்தவர் இந்தப் பிள்ளையின் முறை வந்ததும், கூட நின்ற கணக்கப்பிள்ளையைப் பார்த்து, இவளுக்கு என்ன என்று கேட்டார். கண்ணு தெரியாதுங்க என்றார் கணக்கப்பிள்ளை. இன்ஸ்பெக்டர் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். வாத்தியாரம்மா வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் கோடு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கொழும்புப் பக்கம் கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரே காகிதம் எழுதினார். பதில் வந்தது. இடம் கொஞ்சம்தான், பத்து வயது முடிவதற்குள், இரண்டாம் வகுப்புச் சோதனையில் தேறியதாக இன்ஸ்பெக்டர் கையெழுத்து வைத்தால் எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்தது. அதாவது அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வரும்போது தேற வேண்டும். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொட்டில்தான்.

தாய் பயந்தாள். துரை என்ன சொல்வாரோ என்றாள். பிள்ளையைக் கேட்டீங்களா என்றார் வாத்தியாரம்மா. கேட்டார்கள். "அங்கயும் தொட்டில் ஆட்டணுமா?" என்றாள் பிள்ளை. இல்லை என்றார் இவர். அப்ப போறேன் என்றாள்.

பிள்ளை வாயால் எல்லாம் சொல்வாள். கணக்கில் புலி. ஆனால் வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், எண்ணைப் பார்த்துக் கூட்ட வேண்டும் என்பது சட்டம். கண் தெரியாதவர்களுக்குப் புள்ளி எழுத்து உண்டென்று வாத்தியாரம்மா கேள்விப்பட்டதோடு சரி, பார்த்ததில்லை. மணலில் எழுதிப் பார்த்தார், விரல் பட்டதும் அழிந்தது. பலகையில் ஆணியால் கீறிப் பார்த்தார், விரலில் சிலாம்பு ஏறியது. ஒரு நாள் சாயந்திரம், ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பிள்ளை தாயின் மடியில் படுத்திருந்தாள். பால் வெட்டுகிறவர்களின் உடுப்பெல்லாம் ரப்பர் பால் தெறித்துக் காய்ந்து முத்து முத்தாக ஒட்டியிருக்கும். பிள்ளை அதை விரலால் தடவி, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். வாத்தியாரம்மா அதைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். ஒரு சிரட்டை பால் வேண்டும் என்றார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்போது பால் திருட்டு அதிகம். கிராமத்தில் இரகசியமாக வாங்க ஆள் இருந்தது. ஒரு சொட்டு வெளியே போனாலும் வேலை போய்விடும், போலீசும் வரும். துரையைக் கேட்கலாம் என்றார் அவர். துரை இல்லை என்றால் எல்லாம் போச்சே என்றேன் நான். நானே கொடுத்தேன். இரண்டு நாளைக்கொரு தடவை ஸ்டோருக்குப் பின்னால் தொட்டியடியில் ஒரு சிரட்டைப் பாலை வைத்துவிடுவேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், பரவாயில்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அந்தத் தோட்டத்தில் யார்தான் யாரைக் கேட்டார்கள்?

ரப்பர் பெட்டிப் பலகையைச் சிங்களத் தச்சர் ஒருவர் கையகலத் துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார். ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் எண். முதலில் மையால் எழுதுவார். அதன்மேல் தென்னை ஈர்க்கைப் பாலில் தோய்த்துச் சொட்டு வைத்துக் கோடாக இழுப்பார். காய்ந்ததும் மறுபடி, அது காய்ந்ததும் மறுபடி. மூன்று தரம் இழுத்தால் விரலுக்குத் தெரிகிற வரம்பு வரும். தனித்தனித் துண்டாக ஏன் என்று கேட்டேன். முழுக் கணக்கையும் பலகையில் எழுதி வைத்தால், முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததாக இன்ஸ்பெக்டர் நினைப்பார். துண்டாக இருந்தால் அவருக்கு வேண்டியதை அவரே அடுக்கிக் கேட்கலாம் என்றார். அவ்வளவு யோசித்திருந்தார். பிள்ளை ஏழு மாதத்தில் எல்லா எழுத்தையும் விரலில் ஏற்றிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் துண்டுகளிலிருந்து காய்ந்த ரப்பரை உரித்துச் சுற்றிப் பந்து பண்ணிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பரைக் கண்டால் பந்துதான் ஞாபகம் வரும். எண்கள் பாதி போய்விட்டன. மறுபடி எழுதினார். எழுதிய அன்று பிடித்தது மழை. இரத்தினபுரிப் பக்கத்து மழை தெரியுமல்லவா, துணி ஒரு வாரம் காயாது. பால் வெள்ளையாகவே நின்றது. என்ன செய்யலாம் என்று அவர் என்னைக் கேட்டார். புகை அறையில் வைக்கலாம் என்றேன். ஸ்டோரில் ரப்பர் ஷீட் எல்லாம் அங்கேதானே காய்கிறது. என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். மற்ற ஷீட்டுகளுக்கு நடுவே வைத்தேன். மறுநாள், இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலை, நன்றாகக் காய்ந்து தேன் நிறத்தில் வந்தன. நான் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்தத் தடவை வந்த இன்ஸ்பெக்டர் வேறொருவர், யாழ்ப்பாணத்துக்காரர், இளகின மனசு. பிள்ளையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பாவம், இதைப் போட்டு வருத்த வேண்டாம், தேறியதாக எழுதிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். கதவோரம் நின்ற தாய் அங்கேயே விழுந்து கும்பிட்டாள். வேண்டியது கிடைத்துவிட்டது என்று எனக்கும் நிம்மதி.

வாத்தியாரம்மா மேசைமேல் கையை வைத்தார். "வேணாங்க. சோதிச்சுட்டு எழுதுங்க. உனக்குத் தெரியுமான்னு இந்தப் பிள்ளையை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க."

கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். தாய் வாத்தியாரம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் மனத்தாங்கல். சரி என்று துண்டுகளைப் பார்த்தார், அது எப்படி என்று கேட்டார், ஆச்சரியப்பட்டார். எழுத்துகளை அடுக்கினார், பிள்ளை தடவி வாசித்தாள். சொன்ன வார்த்தைகளைத் துண்டுகளால் அடுக்கிக் காட்டினாள். பிறகு இரண்டு கணக்கு. இரண்டும் சரியாக வந்தால்தான் தேர்ச்சி. முதலாவது சரி. இரண்டாவதாக முப்பத்தி நான்கை மேலே வைத்து, பன்னிரண்டைக் கீழே வைத்தார். பிள்ளை தடவினாள். "தொண்ணூத்தாறு" என்றாள்.

நான் துண்டுகளைப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு. நாற்பத்தாறு வர வேண்டும். கையில் வந்ததை இந்த அம்மாள் தட்டிவிட்டாரே என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். தாய் அழ ஆரம்பித்தாள்.

வாத்தியாரம்மா முன்னால் வந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்தார், மடிக்கவில்லை. "கைக்குக் கீழ என்ன இருக்குன்னு சொல்லு" என்றார் பிள்ளையிடம்.

எட்டு, நாலு, கீழே ஒண்ணு, ரெண்டு என்றாள் பிள்ளை. அது எட்டில்லை, மூன்று என்றார் இன்ஸ்பெக்டர். பிள்ளை இன்னொரு தரம் மெதுவாகத் தடவினாள். "இல்லீங்க. எட்டு" என்றாள். ஒன்பது வயது, லயத்துப் பிள்ளை, அரசாங்க உத்தியோகத்தரிடம் சொல்கிறாள்.

வாத்தியாரம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்து, ஐயா கண்ணை மூடிக்கிட்டு ஒருக்கா தொட்டுப் பாருங்க என்று கேட்டுக்கொண்டார். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினார். மேலே போனார், கீழே போனார். புகை அறைச் சூட்டில் காயாத பால் இளகி, மூன்றின் இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு காய்ந்திருந்தது. காய்ந்த பால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதால், அடியிலிருந்த மை எங்கள் கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்தது. விரலுக்கு அது எட்டு. புகை அறையில் வைத்தது என் வேலை.

"எட்டுத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுக் கூட்டிப் பார்த்தார். "பிழை பிள்ளையிலை இல்லை. என்ரை கேள்வியிலை."

வாத்தியாரம்மா அதோடு விட்டாரா? நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்து, இன்னொரு கணக்குக் கேளுங்க, அப்பத்தான் சரி என்றார். கேட்டார். பிள்ளை சொன்னாள். தேறியது என்று அவர் எழுதியபோது, தாய் வாத்தியாரம்மாவின் காலைப் பிடிக்கப் போனாள். என்னை எதுக்குப் பிடிக்கிறீங்க, பாஸ் பண்ணினது உங்க மகள் என்று அவர் விலகிக்கொண்டார். அன்று அவர் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் போகும்போது பள்ளிக்கூடத்துப் பதிவுப் புத்தகத்தில் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினார். இந்தத் தோட்டத்து ரப்பர் பாலைக் கொண்டே ஒரு விதவை ஆசிரியை செய்த புதுமையை எங்கும் கண்டதில்லை என்று மனம் நிறைந்து எழுதியிருந்தார். நான் அதை இரண்டு தரம் உரக்க வாசித்தேன். அதில் ஒரு கத்தி இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை கொழும்புக்குப் போனாள். சோதனைக்கு முன்பே சீமைக்கு லீவில் போயிருந்த துரை திரும்பி வந்தார். ஒரு நாள் பதிவுப் புத்தகம் அவர் மேசைக்குப் போனது.

வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மறுபடி அதே மேசை, அதே இடத்தில் அவர், நடுவில் நான். துரை கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாலை இவளுக்கு யார் கொடுத்தது என்று கேள் என்றார் இங்கிலீஷில்.

வாத்தியாரம்மாவுக்கு விளங்கிவிட்டது, என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டால் அவர் உண்மையைத்தான் சொல்வார். பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் முதலிலேயே சொன்னதுதான். என் வேலை, என் வீடு, போலீஸ், கேகாலையில் என் தகப்பன் முகம், எல்லாம் ஒரே நொடியில் வந்தன. ஒரு விதவைப் பெண்ணை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காது.

"பிள்ளை கொழும்புல எப்படி இருக்குன்னு துரை கேக்கிறாருங்க" என்றேன் அவரிடம்.

அவர் சேலைத் தலைப்பை எடுத்தார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று. அந்த நேரத்தில் அவர் எதை யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. தலைப்பை விட்டுவிட்டு, "நல்லா இருக்கா. புள்ளி எழுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டாளாம். துரைகிட்ட அப்படியே சொல்லுங்க" என்றார்.

நான் துரையின் பக்கம் திரும்பி, யாரும் கொடுக்கவில்லை, தானே மரத்தடியில் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது. இல்லை என்று ஒரு சொல் அவரிடமிருந்து வரும் என்று என் முதுகு காத்திருந்தது. வரவில்லை.

மாதக் கடைசியோடு போய்விடச் சொன்னார்கள். போலீசுக்குச் சொல்லாதது துரையின் தயவு என்று பெரிய கிளாக்கர் சொன்னார். இருந்த இரண்டு வாரமும் அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஸ்டோரில் நின்று பால் அளந்தேன்.

அவர் போகிற நாள் காலையில் சந்திக்குப் போனேன். நானா கடை வாசலில் தகரப் பெட்டியோடு நின்றார். வழியனுப்ப வேறு யாரும் இல்லை. பால் வெட்டு நேரம், பிள்ளையின் தாய்கூட மலையில் இருந்தாள். நான் பெட்டியைத் தூக்கப் போனேன், பஸ் வரட்டும் என்றார். தூறல் போட்டது. குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். ஒரே குடையின் கீழ் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா, கிளாக்கரய்யா?" என்றார்.

கேட்க எனக்கு இரண்டு இருந்தன. ஒன்று மன்னிப்பு. மற்றது என்ன என்பதை இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் எப்போதும்போலக் காத்திருந்தார். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

ஒண்ணுமில்லீங்க என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார். பெட்டியைக் கூரைமேல் ஏற்றிய பஸ்காரன் இறங்கி வந்து, என்னை அவருடைய ஆள் என்று நினைத்துக்கொண்டு, ஹாமினே எங்கே போகிறார் என்று சிங்களத்தில் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அதைக்கூட நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.